குண்டுவீச்சு விமானத்தோடு காணாமல் போன உறவினர்: 80 ஆண்டு கழித்தும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பிரிட்டனில் பல வீடுகளில் இப்படி ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கும். விமானப்படைச் சீருடையில் இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர். "பாட்டியோட தம்பி. போர்ல பிளேன்ல போனார், திரும்பி வரல" என்பதோடு கதை முடிந்துவிடும். எந்த விமானம், எந்த ஊர் மேலே விழுந்தது, உடல் கிடைத்ததா? கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

ஆனால், இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே பதில் கண்டுபிடிக்க முடியும். அது எப்படி? எங்கே தேட வேண்டும்? எந்த இடத்தில் தேடல் தடம் மாறிவிடும்? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய விஷயங்கள் சுருக்கமாக:

• பெயரைத் தேடினால் கல்லறை கிடைக்கும். விமானத்தைத் தேடினால்தான் அந்த இரவில் என்ன நடந்தது என்பது கிடைக்கும்.
• காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம் ஆகிய இரண்டின் டேட்டாபேஸ்களும் இலவசம்.
• ஸ்குவாட்ரன் பதிவேடுகள் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆன்லைனிலும் பார்க்கலாம்.
• கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் ரன்னிமீட் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

எத்தனை பேர் திரும்பவில்லை?

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி மீது இரவு நேரத்தில் குண்டுவீசப் போனது பிரிட்டன் விமானப்படையின் 'பாம்பர் கமாண்ட்' பிரிவு. அதில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். எல்லோரும் தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் 55,573 பேர் இறந்தனர். பத்துப் பேரில் நான்கு பேருக்கும் மேல் உயிர் பிழைக்கவில்லை. தரைப் பணியில் இருந்தவர்களையும் சேர்த்து, லிங்கன் மையத்தின் நினைவுச் சுவர்களில் சுமார் 58,000 பெயர்கள் இருக்கின்றன.

இவர்கள் பிரிட்டன்காரர்கள் மட்டுமல்ல. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து எனப் பல நாட்டவர்கள் ஒரே விமானத்தில் பறந்தார்கள். தேடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காரணம் பிறகு வரும்.

ஒரே இரவில் எவ்வளவு இழப்பு என்பதற்கு நியூரம்பெர்க் தாக்குதல் உதாரணம். 1944 மார்ச் 30-ம் தேதி இரவு 795 விமானங்கள் கிளம்பின. 95 விமானங்கள் திரும்பவில்லை. ஒரு லாங்காஸ்டரில் ஏழு பேர் இருப்பார்கள் என்று வைத்துப் பாருங்கள். அடுத்த நாள் எத்தனை வீடுகளுக்குத் தந்தி போயிருக்கும்!

வீட்டில் முதலில் எதைத் தேட வேண்டும்?

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அலமாரியைத் திறக்க வேண்டும்.

முதலில் அந்த போட்டோ. மார்பில் இருக்கும் பேட்ஜில் இரண்டு பக்கமும் சிறகு இருந்தால் அவர் பைலட். ஒரு பக்கம் மட்டும் சிறகு இருந்தால் பைலட் அல்ல, வேறு பணி. சிறகின் பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்து அது எந்தப் பணி என்பதைச் சொல்லும். 'ஏஜி' என்றால் துப்பாக்கி வீரர், 'என்' என்றால் வழிகாட்டும் நேவிகேட்டர், 'பி' என்றால் குண்டுக்குக் குறி பார்ப்பவர், 'இ' என்றால் ஃபிளைட் இன்ஜினியர். விமானப்படையில் இருந்த எல்லோரையும் 'பைலட்' என்று சொல்வது குடும்பங்களின் வழக்கம். அதை நம்பித் தேடினால் ஆளே கிடைக்க மாட்டார்.

அடுத்து கடிதங்கள். விமானம் திரும்பாவிட்டால் முதலில் 'காணவில்லை' என்று தந்தி வரும். பிறகு ஸ்குவாட்ரன் தலைவரின் கடிதம். மாதக்கணக்கில் எந்தத் தகவலும் இல்லையென்றால் 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று இன்னொரு கடிதம். இதற்கிடையே, அதே விமானத்தில் போன மற்றவர்களின் குடும்ப முகவரிகளையும் விமானப்படை அனுப்பும். "உங்க பையனைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று அந்தத் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் கேட்டு எழுதிய கடிதங்கள் இன்றும் பல பெட்டிகளில் கிடக்கின்றன. 'யாரோ ஒரு அம்மா எழுதியது' என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அந்தக் கடிதம்தான் முழுக் குழுவையும் காட்டும் முதல் ஆதாரம்.

முதல் படி: பெயரும் சேவை எண்ணும்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் தொடங்கப்பட்டது. இரண்டு உலகப்போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரம் அதன் வெப்சைட்டில் இருக்கிறது. பெயரைப் போட்டால் பதவி, சேவை எண், ஸ்குவாட்ரன், இறந்த தேதி, கல்லறை இருக்கும் இடம் எல்லாம் வரும். பெற்றோர் பெயரும் இருக்கலாம். போர் முடிந்த பிறகு ஆணையம் அனுப்பிய படிவத்தைக் குடும்பம் நிரப்பி அனுப்பவில்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்கும்.

ஸ்மித், ஜோன்ஸ் மாதிரிப் பொதுவான பெயர் என்றால் பக்கம் பக்கமாக முடிவுகள் வரும். அப்போது கைகொடுப்பது சேவை எண். இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண நிலையில் சேர்ந்தவர் பிறகு அதிகாரி ஆனால் அவருக்குப் புது எண் கொடுப்பார்கள். பழைய கடிதத்தில் ஒரு எண், கல்லறைப் பதிவில் வேறு எண் என்று இருந்தால் ஆள் வேறு என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

பெயருக்குக் கீழே ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகளும் இருக்கும். அவற்றில் 'உடல் மாற்றிப் புதைத்த அறிக்கை' இருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள். இறந்தவரை முதலில் எந்த ஊர் மயானத்தில், எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பது அதில் இருக்கும். இன்றைய கல்லறை பெரிய போர் மயானத்தில் இருக்கலாம். விமானம் விழுந்த இடத்தைக் காட்டுவது பெரும்பாலும் அந்த முதல் புதைகுழிதான்.

இரண்டாம் படி: விமானத்தைப் பிடியுங்கள்

தேடுபவர்கள் பலர் நின்றுவிடும் இடம் இதுதான். கல்லறை கிடைத்தது, போட்டோ எடுத்தாயிற்று, முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் குண்டுவீச்சு விமானத்தில் யாரும் தனியாகச் சாகவில்லை. லாங்காஸ்டரில் ஏழு பேர். பைலட், ஃபிளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டுக்குக் குறி பார்ப்பவர், ரேடியோ ஆபரேட்டர், மேல் கூண்டுத் துப்பாக்கி வீரர், பின் கூண்டுத் துப்பாக்கி வீரர். ஒருவரைப் பற்றிக் குறிப்பு இல்லாவிட்டாலும் மற்ற ஆறு பேரில் யாரைப் பற்றியாவது எங்காவது இருக்கும். ஒருவேளை ஒருவர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்திருந்தால், கடைசி நிமிடங்களை நேரில் பார்த்த சாட்சியே கிடைத்துவிடும்.

அந்த ஆறு பேரையும் இணைப்பது விமானத்தின் வரிசை எண். ஆங்கில எழுத்தும் இலக்கங்களும் கொண்டது அது. சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்பு டேட்டாபேஸில் பெயரைப் போட்டால் விமான எண்ணும், கூடப் போனவர்களும் தெரியவரும். டபிள்யூ. ஆர். சோர்லி தொகுத்த பாம்பர் கமாண்ட் இழப்புகள் பற்றிய நூல் வரிசையிலும் தேதிவாரியாக இந்த விவரங்கள் உண்டு.

விமானத்தின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் குறியீட்டு எழுத்து வேறு, வரிசை எண் வேறு. ஒரு விமானம் விழுந்ததும் அதே குறியீட்டைப் புதிதாக வந்த விமானத்துக்கு வைத்துவிடுவார்கள். அதனால் போட்டோவில் தெரியும் எழுத்தை மட்டும் நம்பினால் வேறு குழுவின் கதையில் போய் நிற்பீர்கள்.

அந்த இரவில் என்ன நடந்தது?

ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தினமும் பதிவேடு எழுதியது. தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் இவை இருக்கின்றன. டவுன்லோடு செய்யலாம். இதில் இரண்டு படிவங்கள் உண்டு. 540 என்பது அன்றாட நிகழ்வுகளின் சுருக்கம். 541 என்பது ஒவ்வொரு விமானத்தின் விவரம். விமான எண், குழுவினர் பெயர்கள், இலக்கு, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், பைலட் திரும்பி வந்து சொன்ன தகவல் எல்லாம் அதில் இருக்கும்.

திரும்பாத விமானத்தின் வரியில் 'இறங்கிய நேரம்' கட்டம் காலியாக இருக்கும். கிளம்பிய பிறகு எந்தத் தகவலும் இல்லை என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். பல குடும்பங்களை உலுக்கிவிடுவது இந்தக் காலிக் கட்டம்தான்.

அந்த ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முந்தைய மாதங்களின் பக்கங்களையும் புரட்ட வேண்டும். ஒரு குழுவுக்கு வழக்கமாக 30 தாக்குதல்கள்தான் ஒரு சுற்று. அதை முடித்தால் ஓய்வு. உங்கள் உறவினர் எத்தனையாவது பயணத்தில் விழுந்தார், முதல் பயணமா, 29-வதா என்பது அங்கே தெரியும்.

இறந்தவர்கள் பற்றிய தனிக் கோப்புகள் 'ஏர் 81' வரிசையில் இருக்கின்றன. போரின் தொடக்க ஆண்டுகளில் ஆரம்பித்து, கட்டம் கட்டமாக இவை பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. தனிநபர் பணி ஆவணங்களும் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து படிப்படியாக ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன.

ஒரே விமானம், ஏழு பேர்: ஒரு உண்மைச் சம்பவம்

விமானத்தை வைத்துத் தேடுவது ஏன் முக்கியம் என்பதற்கு நல்ல உதாரணம், ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்க 1943 மே 16-ம் தேதி இரவு நடந்த தாக்குதல். 617-வது ஸ்குவாட்ரனின் 19 லாங்காஸ்டர்கள், 133 பேர். எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தனர், மூன்று பேர் சிறைபிடிக்கப்பட்டனர்.

இழந்த எட்டில் ஒன்று 'ஏஜே-கே'. வரிசை எண் ஈடி 934. பைலட் வெர்னான் பையர்ஸ், கனடா விமானப்படையைச் சேர்ந்தவர். இலக்கை நெருங்கும் முன்பே, நெதர்லாந்து கரையோரம் சுட்டு வீழ்த்தப்பட்டு அந்த விமானம் வாடன் கடலில் விழுந்தது.

சில வாரங்கள் கழித்து, பின் கூண்டுத் துப்பாக்கி வீரரின் உடல் மட்டும் கடலில் கிடைத்தது. நெதர்லாந்தின் ஹார்லிங்கன் ஊர் மயானத்தில் அவர் புதைக்கப்பட்டார். மற்ற ஆறு பேருக்கும் கல்லறை இல்லை. அவர்கள் பெயர்கள் இங்கிலாந்தில் ரன்னிமீட் சுவரில் இருக்கின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஆறு பேரில் ஒருவரின் குடும்பம் பெயரை மட்டும் தேடியிருந்தால் ரன்னிமீட்டோடு பாதை அடைபட்டிருக்கும். விமானத்தைத் தேடினால் ஹார்லிங்கன் வரை போகும். அதுமட்டுமல்ல, குழுவில் கனடா படையினர் இருந்ததால் அவர்களின் ஆவணம் கனடா தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஆஸ்திரேலியர் இருந்தால் இன்னும் வசதி. அந்த நாட்டு விமானப்படையின் இழப்புக் கோப்புகள் 'ஏ 705' என்ற வரிசையில் உள்ளன. அவற்றில் பல டிஜிட்டல் வடிவில் இலவசம். பிரிட்டன் கோப்பில் இல்லாத தகவல் கூடப் பறந்தவரின் நாட்டுக் கோப்பில் கிடைப்பது சகஜம்.

போர் முடிந்ததும் உடல்களைத் தேடியது யார்?

போர் முடிந்தபோது காணாமல் போயிருந்த விமானப்படையினர் சுமார் 42,000 பேர். இவர்களைத் தேட விமானப்படை தனிக் குழுக்களை ஐரோப்பா முழுக்க அனுப்பியது. ஊர் ஊராகப் போய் பாதிரியார், மேயர், மயானக் காவலர், விவசாயி என எல்லோரிடமும் விசாரித்தார்கள். புதைகுழிகளைத் திறந்தார்கள். சட்டைக் காலரில் எழுதிய சலவை அடையாளம், காலணி, மோதிரம், என்ஜின் தகட்டு எண் என்று எது கிடைத்தாலும் அதை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். இப்படிப் பாதிக்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் உறுதி செய்யப்பட்டன.

சில மயானங்களில் கல்லறைக் கற்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பதைப் பார்க்கலாம். விமானம் எரிந்து உடல்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாதபோது ஒரே குழியில் புதைத்ததன் அடையாளம் அது. ஆணையத்தின் பதிவில் 'கூட்டுக் கல்லறை' என்று இருந்தால் அதன் பொருள் இதுதான்.

எதுவுமே கிடைக்காதவர்களுக்காகக் கட்டப்பட்டதுதான் ரன்னிமீட் நினைவிடம். 1953 அக்டோபர் 17-ல் ராணி இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார். 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே உள்ளன.

இப்போதும் விமானங்கள் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன. நெதர்லாந்து அரசு 2019 முதல் இதற்கெனத் தனித் திட்டம் நடத்துகிறது. வீரர்களின் உடல்கள் உள்ளே இருக்க வாய்ப்புள்ள விமானங்களுக்கே முன்னுரிமை.

அங்கே மார்க்கர்மீர் ஏரியில் 2008-ல் ஒரு ஸ்டெர்லிங் விமானத்தின் பாகம் சிக்கியது. முதலில் அதை வேறொரு ஸ்டெர்லிங் என்றே நினைத்தார்கள். பிறகு சேற்றிலிருந்து கிடைத்த சிகரெட் டப்பாவில் பொறித்திருந்த எழுத்துகள் அந்தக் குழுவின் பெயர்களோடு பொருந்தவில்லை. மீண்டும் ஆராய்ந்தபோது அது 1943 மார்ச் இறுதியில் பெர்லின் தாக்குதலுக்குப் போய்த் திரும்பாத பிகே 716 என்று தெரியவந்தது. 2020-ல் விமானம் வெளியே எடுக்கப்பட்டது. ஒரு எண் தவறினால், தவறான ஏழு குடும்பங்களிடம் தகவல் போயிருக்கும்.

பிரிட்டனில் ராணுவ விமானச் சிதைவுகளை 1986-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. உரிமம் இல்லாமல் தோண்ட முடியாது. 'நம்ம தாத்தாவோட விமானம்தானே' என்று மண்வெட்டி எடுத்துப் போனால் அது குற்றம். எலும்பு கிடைத்தால் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் தனிப்பிரிவு ஆவணங்களோடு ஒப்பிட்டு, உறவினர்களைத் தேடி, தேவைப்பட்டால் டிஎன்ஏ பரிசோதனையும் செய்யும்.

அமெரிக்க விமானம் என்றால்?

வழி கொஞ்சம் மாறும். 1943 முதல் ஒரு விமானம் திரும்பாவிட்டால் அமெரிக்கப் படை 'காணாமல் போன விமானக் குழு அறிக்கை' ஒன்றைத் தயாரித்தது. யார் எங்கே உட்கார்ந்திருந்தார், கடைசியாக எங்கே பார்த்தார்கள், பிழைத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பும் உண்டு. காணாமல் போனவர்களை இன்றும் தேடும் தனி அமைப்பை அமெரிக்கா வைத்திருக்கிறது. உறவினர்களிடம் டிஎன்ஏ மாதிரி வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இலங்கை, சென்னைக்கு என்ன தொடர்பு?

குண்டுவீச்சுக் குழுக்கள் ஐரோப்பாவில் மட்டும் இறக்கவில்லை. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானியக் கடற்படை திருகோணமலையைத் தாக்கியது. அன்று கொழும்பு ரேஸ்கோர்ஸ் ஓடுதளத்திலிருந்து கிளம்பிய 11-வது ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் விமானங்கள் ஜப்பானியக் கப்பல்கள் மீது குண்டுவீசின. கப்பல்களைச் சென்றடைந்த ஒன்பதில் ஐந்து விமானங்கள் அழிந்தன. தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் அதைச் சுற்றிய கடல்களிலும் மறைந்து, கல்லறை இல்லாமல் போன விமானப்படையினரின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி மயானத்தில் உள்ள நினைவிடத்தில் தேட வேண்டும். ரன்னிமீட்டில் தேடினால் கிடைக்காது.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர் மயானமும் இதே ஆணையத்தின் பராமரிப்பில்தான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பல ஊர்களில் சிதறிக் கிடந்த போர்க் கல்லறைகள் பின்னாளில் இங்கே கொண்டுவரப்பட்டன.

எங்கே தவறு நடக்கும்?

• தேதி: இரவுத் தாக்குதல் இரண்டு தேதிகளில் நடக்கும். 30-ம் தேதி கிளம்பியவர் 31-ம் தேதி இறந்ததாகப் பதிவு இருக்கலாம். மாதக் கடைசி என்றால் இரண்டு மாதப் பதிவேடுகளையும் பாருங்கள்.
• பயிற்சி: எல்லோரும் எதிரி சுட்டு இறக்கவில்லை. பயிற்சியிலும் விபத்திலும் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். பயிற்சிப் பிரிவுகளில் இறந்தவர்கள் ஸ்குவாட்ரன் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். பயிற்சிப் பிரிவுகளின் பதிவேடுகள் 'ஏர் 29' வரிசையில் உள்ளன. விபத்து அட்டைகள் லண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.
• எழுத்துப்பிழை: பதிவேடுகளை அவசரத்தில் டைப் செய்திருப்பார்கள். பெயரின் எழுத்துகள் மாறியிருக்கலாம். பெயர் கிடைக்காவிட்டால் பைலட்டின் பெயரை வைத்துத் தேடுங்கள்.
• குடும்பக் கதை: 'பெர்லின் மேலே சுட்டாங்க' என்று சொல்லி வந்திருப்பார்கள். விமானம் விழுந்தது டென்மார்க் கடலாக இருக்கலாம். கதையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

தேடலின் இன்னொரு பக்கம்

ஒன்றை மறக்கக் கூடாது. அந்த விமானங்கள் சுமந்து போனது குண்டுகளை. 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் நகரத் தாக்குதல்களில் மட்டும் 25,000 பேர் வரை இறந்ததாக அந்த நகரம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு கணக்கிட்டது. உறவினர் விழுந்த ஜெர்மன் கிராமத்துக்கு இன்று போகும் குடும்பங்கள், அதே இரவில் அங்கே வீட்டையும் பிள்ளைகளையும் இழந்தவர்களின் வாரிசுகளைச் சந்திக்க நேரிடும். விமானம் விழுந்த வயல் எது, முதலில் எங்கே புதைத்தார்கள் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். கேட்கும் விதத்தில் கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

சரி, இவ்வளவு தேடி என்ன கிடைக்கும்? சில நேரம் ஒரு வயலின் பெயர், ஒரு கிளம்பிய நேரம், ஆறு அந்நியர்களின் பெயர்கள். இவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் அந்த ஆறு பேருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயும் அலமாரியில் ஒரு போட்டோ இருக்கும், யாரோ ஒருவர் இதே கேள்விகளோடு இருப்பார். நீங்கள் கண்டுபிடித்த பக்கத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள். லிங்கன் மையம் இப்படிக் குடும்பங்கள் தரும் போட்டோக்களையும் கடிதங்களையும் வாங்கி அந்தந்த வீரரின் பதிவில் சேர்க்கிறது. அடுத்து தேடி வருபவருக்கு அந்தப் பக்கம் காலியாக இருக்காது.